கட்டடக்கலை மாணவர் ஏன் ஓலை முடைகிறார்? 'ஜெனரேட்டிவ் டிசைன்' பற்றி ஒரு விளக்கம்

பி.ஆர்க். முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறது. பையைத் திறந்தால் வீட்டு பிளான் ஒன்றுகூட இல்லை. கிழித்த அட்டை, சிக்கு விழுந்த நூல், காய்ந்த பனையோலை, பசை ஒட்டிய குச்சிகள். "இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுறேன்?" என்று அப்பா கேட்டால், "இது ஜெனரேட்டிவ் டிசைன்ப்பா" என்று பதில் வருகிறது. அந்தச் சொல்லை அவர் செய்தியில் கேட்டிருக்கிறார். ஆனால் அங்கே அது, கம்ப்யூட்டர் பத்து நொடியில் வீட்டுப் படம் போட்டுத் தருகிற சங்கதி. கம்ப்யூட்டரே போட்டுத் தருமென்றால் பிள்ளை எதற்கு ஓலை முடைய வேண்டும்?

நியாயமான கேள்விதான். குழப்பத்துக்குக் காரணம், ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களுக்கு வழங்குவது. இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். எடுத்துக்காட்டுகளை இராமநாதபுரம் கடற்கரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் இந்தக் கரையில் படகும் வலையும் ஓலைப்பெட்டியும் வரைபடம் இல்லாமலேயே, ஆனால் கறாரான விதிப்படி, காலங்காலமாக உருவாகி வருகின்றன. இந்த வகுப்புக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது சிரமம்.

## முதலில் சொற்கள்

1. ஜெனரேட்டிவ் டிசைன். வடிவத்தை நேராக வரைவதற்குப் பதிலாக, வடிவத்தைப் பிறப்பிக்கும் விதியை எழுதுவது. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வாசல் கோலம் போதும். புள்ளி வரிசை ஒன்று. கோடு எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது. எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும். தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். விதி இவ்வளவுதான். இதிலிருந்து எத்தனையோ சிக்குக் கோலங்கள் பிறக்கின்றன. ஐந்து புள்ளியை ஏழாக்கினால் கோலம் பெரிதாகும், விதி மாறாது. இது வெறும் உவமை என்று நினைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள்.

2. செயல்முறை வழி வடிவமைப்பு. முடிவு எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல், எந்தப் படிகளில் போவது என்பதைத் தீர்மானித்துக்கொண்டு இறங்குவது.

3. இட்டரேஷன். சுற்று என்று சொல்லலாம். செய், சோதி, விதியைத் திருத்து, மறுபடி செய். ஒரே மாடலைப் பத்து முறை அழகாகச் செய்வது இட்டரேஷன் ஆகாது. ஒன்பதாவதில் கண்ட குறை பத்தாவதில் ஏதோ ஒன்றை மாற்றியிருக்க வேண்டும்.

4. மேக்கிங். கையால் செய்துபார்ப்பது. பொருள் நம்மோடு மல்லுக்கு நிற்கும் என்பதுதான் இதன் பயன். திரையில் எந்தக் கோடும் எந்தப் பக்கமும் வளையும். பனை மட்டை அப்படி வளையாது.

சரி, அப்பா செய்தியில் கேட்ட ஏஐ? படம் தரும் ஏஐ, கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. "கடலோரம் ஓலை வீடு" என்று கேட்டால், அந்தச் சொற்களுக்குப் பொருந்தி வரக்கூடிய படம் எப்படி இருக்கும் என்று கணித்துத் தருகிறது. படத்தில் தூண் இருக்கும். அந்தத் தூண் எவ்வளவு எடை தாங்குகிறது என்ற கணக்கு படத்துக்குள் எங்கும் கிடையாது. தூணைச் சற்று நகர்த்தினால் கூரைக்கு என்ன ஆகும் என்று கேட்க அங்கே வழியில்லை. ஜெனரேட்டிவ் டிசைனில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம். ஒன்று படத்தைத் தருகிறது, மற்றது படம் எங்கிருந்து வந்தது என்பதற்கான கணக்கையும் சேர்த்துத் தருகிறது.

## பழைய பழக்கம் எங்கிருந்து வந்தது

கட்டடக்கலை என்றதும் 'முதலில் ஐடியா, பிறகு வரைபடம்' என்றுதான் நமக்குத் தோன்றும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் எகோல் தெ பூஸார் கல்லூரிதான் உலகம் முழுவதும் கட்டடக்கலைக் கல்விக்கு முன்மாதிரி. அங்கே போட்டித் தேர்வு எழுதும் மாணவர் தனியறையில் உட்கார்ந்து, சில மணி நேரத்துக்குள் முதல் வரைவைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு வாரக்கணக்கில் அதை வண்ணம் தீட்டி மெருகேற்றலாம். ஆனால் அந்த முதல் வரைவின் அடிப்படையை விட்டு விலகினால் போட்டியிலிருந்தே விலக்கிவிடுவார்கள். முதல் யோசனைக்குக் கட்டுப்படுவது அங்கே ஒழுக்கமாகவே கற்பிக்கப்பட்டது.

இதற்கு எதிர்த்திசையில் போனது ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி, 1919-இல் வைமாரில் தொடங்கியது. அங்கே அடிப்படை வகுப்பை நடத்திய யோசப் ஆல்பர்ஸ், மாணவர் கையில் வெறும் தாளைக் கொடுத்து, அதை வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொன்னதாக வரலாறு. மடித்தால் தாள் நிற்கும், வெட்டி மடித்தால் விரியும். தாளின் குணம் வடிவத்தைச் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். 'வேண்டிய வடிவத்தைப் பொருளின் மேல் சுமத்து' என்பதிலிருந்து 'பொருள் எதற்கு இடம் கொடுக்கிறது என்று பார்' என்று பாடம் திரும்பியது அங்கேதான்.

நம் நாட்டில் பி.ஆர்க். ஐந்தாண்டு, பத்து செமஸ்டர். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சில் இதன் தரத்தை வகுக்கிறது. பெரும்பாலான செமஸ்டர்களில் மையப் பாடம் டிசைன் ஸ்டூடியோ; கடைசியில் ஜூரி, அதாவது வெளியிலிருந்து வந்தவர்கள் முன்னால் மாணவர் தன் ஷீட்டுகளை மாட்டி விளக்கம் சொல்லும் நாள். பெயர்கள் மாறினாலும் பாரிஸின் வாசனை அந்த நாளில் இன்னும் அடிக்கிறது. மாட்டியிருக்கும் கடைசி ஷீட்டுக்குத்தான் கண் போகிறது. இதன் விளைவுக்குப் பின்னால் வருகிறேன்.

## வத்தையின் வங்கு

விதியிலிருந்து வடிவம் என்பதை மாணவருக்குக் காட்ட, கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் படகு கட்டும் பட்டறைக்கு அழைத்துப்போகலாம்.

பாக் விரிகுடாப் பக்கத்து வத்தை ஒரு மரப்படகு. அதைக் கட்டும் வரிசை இது: முதலில் அடியில் நீளும் ஏரா. அதன்மேல் விலா எலும்பு போல வங்குகள். வங்கு நின்ற பிறகுதான் பக்கப் பலகைகள். வங்கின் வளைவுக்குத் தாளில் பிளான் கிடையாது. ஒரு பலகையில் கீறி வைத்திருக்கும் கோடுகளிலிருந்து வளைவு எடுக்கப்படுகிறது. படகின் நடுவில் வரும் வங்கு அகலமானது. அங்கிருந்து படகின் முன்முனையான அணியத்தை நோக்கிப் போகப்போக, அந்தக் கோடுகளின் அளவுப்படி ஒவ்வொரு வங்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கும். ஒரு மூல வளைவு, ஒரு ஒடுக்க அளவு, எத்தனை வங்கு என்ற எண்ணிக்கை. சாஃப்ட்வேர்க்காரர்கள் பாராமீட்டர் என்று சொல்வது இதைத்தான்: மாற்றினால் முழு வடிவமும் சேர்ந்து மாறும் எண்.

அடுத்த காட்சியை மாணவர் அரை மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். வங்குகள் நின்றதும், நீளமான மெல்லிய மரப்பட்டி ஒன்றை அவற்றின்மேல் வளைத்துப் பிடிக்கிறார்கள். ஒருவர் ஒரு முனையில் குனிந்து, ஒற்றைக் கண்ணால் பட்டியின் ஓட்டத்தைப் பார்க்கிறார். பட்டிக்கும் வங்குக்கும் நடுவில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே வங்கு உள்வாங்கியிருக்கிறது. பட்டி எங்காவது புடைத்தால் வங்கு துருத்துகிறது. துருத்தும் இடத்தை வாச்சியால் செதுக்கி, மறுபடி பட்டியைப் பிடித்து, மறுபடி குனிகிறார். விதி முக்கால்வாசியைத் தருகிறது, மீதிக் கால்வாசியைக் கண் சரிசெய்கிறது. சோதிக்கும் கருவி என்ன? வளையக்கூடிய ஒரு குச்சி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதில் ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. படகு கட்டும் ஆசாரியும் இட்டரேஷன் செய்கிறார், ஆனால் ஒரே படகில் இல்லை, படகுக்குப் படகு. இந்த வருஷம் கட்டிய வத்தை போன வருஷத்து வத்தையின் திருத்தம். மாற்றம் மிகச் சிறியதாக இருக்கும், ஏனென்றால் தப்பு நடந்தால் போவது உயிர். மாணவருக்கு இருப்பதோ பதினாறு வாரம், தப்பினால் போவது அட்டை. அதனால் ஸ்டூடியோவில் துணிச்சலான மாற்றங்களைச் செய்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விதியும் சோதனையும். அதன் வேகத்தை அப்படியே எடுத்தால் ஐந்தாண்டில் மாணவர் ஒரே ஒரு படகைத்தான் தொட்டிருப்பார்.

பக்கத்திலேயே இன்னொன்றும் பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. ஃபைபர் படகு அச்சில் வார்ப்பது. அச்சு ஒருமுறை செய்தாகிவிட்டால் நூறு படகும் ஒரே வடிவம். மலிவு, வேகம், பராமரிப்பும் குறைவு. மீனவர் அதை விரும்பியதில் தவறே இல்லை. ஆனால் விதி அச்சுக்குள் உறைந்துவிட்டது. அடுத்த படகில் ஒரு வங்கை ஒரு விரற்கடை ஒடுக்கிப் பார்க்க இடமில்லை. இணையத்தில் இறக்கிய டெம்ப்ளேட்டை வைத்து டிசைன் செய்யும் மாணவரும் அச்சில் வார்ப்பவர்தான். என் கண்ணுக்கு, வங்கும் அச்சும் அருகருகே கிடக்கும் ஒரு கடற்கரை ஒரு செமஸ்டர் விரிவுரைக்குச் சமம்.

## வலையைத் தொங்கவிட்டால் கூரை

வடிவத்தை வரையாமல் வரவழைப்பதற்கு உலகப் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. 1675-இல் ஆங்கில விஞ்ஞானி இராபர்ட் ஹூக் சொன்னது: தொங்கும் சங்கிலியின் வளைவைத் தலைகீழாகத் திருப்பினால், கல்லால் கட்டும் வளைவுக்கு ஏற்ற வடிவம் கிடைக்கும். சங்கிலி இழுவிசையை மட்டுமே தாங்கும். கவிழ்த்தால் அதே பாதையில் அழுத்தம் மட்டும் ஓடும். செங்கல்லும் கல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதனால்தான் இந்தப் பொருத்தம். ஸ்பெயினில் கட்டடக்கலைஞர் அந்தோனி கௌதி, பார்சிலோனாவுக்கு அருகே ஒரு தேவாலயத்துக்காக, நூல்களில் சிறு எடைப் பைகளைக் கட்டித் தொங்கவிட்ட மாடலோடு ஏறத்தாழப் பத்தாண்டுகள் மல்லாடினார். ஜெர்மனியின் ஃப்ரை ஓட்டோ சோப்புப் படலத்தில் வடிவம் தேடினார். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரக் கூரைக்குப் பின்னால் அந்தத் தேடல் இருக்கிறது.

மண்டபம், தேவிபட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இதற்குச் சங்கிலி வாங்கத் தேவையில்லை. பழைய வலைத்துண்டு போதும். நான்கு கம்பு நட்டு, வலையின் நான்கு மூலையையும் கட்டித் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த மெல்லிய துணியை அதன்மேல் விரித்து, காய்ந்ததும் கவிழ்த்தால் ஒரு குவிந்த கூரை.

இங்கேதான் பொருள் பாடம் நடத்தத் தொடங்கும். வலைக்கண் சாய்சதுரம். கயிறுகள் ஓடும் திசையில் வலையை இழுத்தால் அது அதிகம் நீளாது. கண்ணின் மூலைவாட்டில் இழுத்தால் கண்கள் மூடிக்கொண்டு, வலை நீளமாகி, குறுக்கே ஒடுங்கும். ஆக, ஒரே வலை, ஒரே நான்கு கம்பு. வலையைக் கொஞ்சம் திருப்பிக் கட்டினால் கூரையின் வடிவமே வேறு. முதல் நாள் மாணவருக்கு இது எரிச்சலாக இருக்கும், "ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதானே கட்டினேன்?" என்பார். மூன்றாவது மாடலில் கண்ணின் திசையும் ஒரு பாராமீட்டர் என்று தானே எழுதி வைப்பார். விரிவுரையில் இதைச் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதி மறந்திருப்பார்.

இந்தச் சோதனையில் ஒளிந்திருக்கும் இரண்டு பொறிகளையும் ஆசிரியர் காட்டித்தர வேண்டும்.

1. அளவுப் பொறி. இருபதில் ஒரு பங்கு மாடலை நிஜ அளவுக்குப் பெருக்கினால் எடை 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்காகும். அந்த எடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ 20 × 20, வெறும் 400 மடங்கு. ஒவ்வொரு சதுர அங்குலமும் இருபது மடங்கு பாரத்தைச் சுமக்க நேரும். தொங்கும் வலை நல்ல வடிவத்தைச் சொல்லும். அந்த வடிவம் என்ன தடிமனில் நிற்கும் என்று சொல்லாது. "மாடல் நின்னுச்சே சார்" என்பது சான்றாகாது.

2. காற்றுப் பொறி. தொங்கவிட்ட வலை அறிந்த ஒரே விசை கீழ்நோக்கிய எடை. இந்தக் கரையில் ஆடியில் கச்சான் காற்று வீசும், ஐப்பசி கார்த்திகையில் வாடையும் புயலும். காற்று பக்கவாட்டில் தள்ளும், இலேசான கூரையை மேல்நோக்கி உறிஞ்சி எடுக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதனால் 'எடைக்கு நிற்கும் வடிவம்' என்ற விதியோடு 'பறக்காமல் கிடக்கும் வடிவம்' என்ற விதியும் சேர வேண்டும். மீனவர் குடியிருப்புகளில் ஓலைக் கூரைமேல் பழைய வலையைப் போர்த்தி இழுத்துக் கட்டியிருப்பதைக் கவனித்த மாணவர் இந்த இரண்டாவது விதியை எளிதாகப் பிடித்துக்கொள்வார்.

## ஒரு செமஸ்டர் எப்படிப் போகும்

வகுப்பு நடக்கும் விதம் தெரிந்தால்தான் பையிலிருந்த குப்பைக்கு அர்த்தம் கிடைக்கும். ஒரு கருவாட்டுக் களத்தை எடுத்துக்கொள்வோம். வேலை சிறியது: மீனைக் காயவைத்துத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு ஒரு நிழற்கூரை. உள்ளே போனால் சிக்கல் பெரிது. கருவாட்டுக்கு வெயில் வேண்டும், காற்றும் வேண்டும். அதைத் திருப்பிப்போடும் பெண்ணுக்கு நிழல் வேண்டும். இரண்டும் ஒரே களத்தில்.

1. முதல் வாரம் அளப்பது மட்டும். தரையில் ஒரு குச்சி நட்டு மணிக்கு மணி நிழலைக் குறிப்பது. நாலு கம்பில் நாடா கட்டிக் காற்றின் திசையைக் குறிப்பது. இங்கே ஒரு சுவாரசியம். இராமநாதபுரம் ஏறத்தாழ 9.4 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை முதல் நாளை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நம் கடிகாரத்தில் அது 12 மணி தாண்டிக் கால் மணி வாக்கில். குச்சியின் நிழல் காலடியில் சுருண்டுவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். தெற்கே மட்டும் இறவாரம் நீட்டினால் போதும் என்று வடநாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைந்தவர் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும்.

2. மாடல் செய்வதற்கு முன், எது நல்லது என்று எழுதிவிடுவது. காலை பத்து முதல் மூன்று மணி வரை உட்காரும் இடத்தில் நிழல். தட்டுகளின்மேல் குறைந்தது இத்தனை மணி வெயில். கச்சான் தடையின்றிப் புக வேண்டும். இரண்டு பேர் ஒரு பகலில் கழற்றிவிட முடிய வேண்டும். மாடலைப் பார்த்த பிறகு அளவுகோலை எழுதினால், செய்துவிட்ட மாடலுக்கு ஏற்ற அளவுகோல்தான் வரும். மனித சுபாவம் அப்படி.

3. விதி எழுதுவது. மாற்றக்கூடிய எண்கள் நாலைந்து போதும்: கூரையின் உயரம், சாய்வு, தூண் இடைவெளி, ஓலை முடைவில் விடும் சந்து. பனையோலைப் பெட்டி முடைபவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்தால் கடைசி எண் புரியும். ஓலைக் கீற்றின் அகலம், அடியில் எத்தனை கீற்று, எங்கே மடித்து மூலை எழுப்புவது. பெட்டியின் அளவு இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. முடைந்து முடித்த பிறகு பெட்டியைப் பெரிதாக்க முடியாது. பிரித்து, எண்ணை மாற்றி, மறுபடி முடைய வேண்டும்.

4. பன்னிரண்டு சின்ன மாடல்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுவது. இரண்டை மாற்றினால் எதனால் எது நடந்தது என்று தெரியாது. இந்த விதியை மாணவர்கள் மீறாமல் இருந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை.

5. சோதனை. ஒரு மேசை விசிறியும் ஊதுபத்தியும் இருந்தால் காற்றோட்டம் கண்ணுக்குத் தெரியும். புகை எங்கே தேங்குகிறது? செல்போன் டார்ச்சைச் சூரியனாகப் பிடித்து நிழலைப் பார்க்கலாம். துல்லியம் குறைவுதான், ஆனால் ஒன்றைவிட மற்றது மேலா என்று சொல்லப் போதும்.

6. கழிப்பது. பன்னிரண்டில் பத்தைத் தள்ளி, ஏன் தள்ளினோம் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதி, தூக்கி எறியாமல் மேசையிலேயே வைப்பது. என்னைக் கேட்டால் முழுப் பாடமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. 'நல்லாயில்லை' என்று எழுதினால் ஆசிரியர் திருப்பித் தர வேண்டும். 'சாய்வு கூடியதால் புகை உச்சியில் தேங்கியது' என்றால் அடுத்த மாடல் எது என்று தானாகவே தெரிந்துவிடும்.

7. நிஜ அளவில் ஒரு கட்டம். முழுக் கூரை வேண்டாம். நாலு கால், ஒரு துண்டுக் கூரை. களத்துப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே நிறுத்தி, பத்து நாள் விட்டுவிடுவது.

ஏழாவது படியில் நடப்பதுதான் உண்மையான ஜூரி. பத்து நாள் கழித்துப் போனால் மேற்குப் பக்கத்தில் யாரோ ஒரு பழைய சேலையைக் கட்டியிருப்பார்கள். "ஏன்க்கா இங்க துணி?" "மூணு மணி வெயிலு கண்ணுல அடிக்குதும்மா, தராசு முள்ளு தெரியல." காலை பத்து முதல் மூன்று என்று எழுதிய அளவுகோலே தவறு, தராசு மாலையில்தான் வருகிறது. மாணவர் அந்தச் சேலையை அவிழ்த்துவிட்டுப் போட்டோ எடுத்தால் செமஸ்டர் வீண். சேலையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டால் பதின்மூன்றாவது மாடல் தொடங்கிவிட்டது.

## கம்ப்யூட்டர் எப்போது?

மேலே சொன்னதில் எதுவும் கம்ப்யூட்டருக்கு எதிரானது இல்லை. ஐந்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பு என்றால் மொத்தம் 1,00,000 கூரைகள். கையால் பன்னிரண்டைச் செய்யலாம், நூறைச் செய்ய முடியாது. ரைனோ என்ற சாஃப்ட்வேரோடு இயங்கும் கிராஸ்ஹாப்பரில் விதியைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கம்பி இழுத்தால், எண்ணை நகர்த்த நகர்த்தக் கூரை மாறும். பரிணாமத் தேடல் என்று ஒரு வகை அல்காரிதமும் உண்டு: கொஞ்சம் கூரைகளைத் தாறுமாறாக உருவாக்கு, மதிப்பெண் போடு, நன்றாக வந்தவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கு, அங்கங்கே சிறு மாற்றம் செய், மறுபடி மதிப்பெண். வேகத்தில் மனிதரால் ஈடுகொடுக்க முடியாது.

ஆனால் அது மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும். 'நிழலைக் கூட்டு' என்று மட்டும் சொன்னால், வெயில் சொட்டுக்கூட நுழையாத மூடிய பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும். காற்று செத்துவிடும், கருவாடு பூஞ்சை பிடிக்கும். நிழலுக்கு எத்தனை பங்கு, வெயிலுக்கு எத்தனை பங்கு என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு கணக்கிலிருந்து வராது, களத்திலிருந்து வரும். அதனால் வரிசை முக்கியம்: கை முதலில், சாஃப்ட்வேர் பிறகு. சேலை கட்டிய கூரையைப் பார்த்துவிட்டு வந்த மாணவர் எழுதும் மதிப்பெண் விதியும், நேராகத் திரையில் தொடங்கியவர் எழுதும் விதியும் ஒன்றாக இருக்காது.

## எங்கே பிசகுகிறது

இந்த முறையை ஆதரிப்பவர்கள் அதிகம் பேசாத பக்கம் ஒன்று உண்டு.

முதலாவது, போலி இட்டரேஷன். ஜூரிக்கு முந்தைய இரவு கடைசி மாடலைச் செய்து முடித்துவிட்டு, அதற்குப் 'போகும் வழியில்' செய்தது போல ஐந்தாறு மாடல்களைப் பின்னோக்கிச் செய்து வரிசையாக வைப்பது. ஸ்டூடியோக்களில் இது ஊரறிந்த ரகசியம். கடைசி ஷீட்டுக்கே மதிப்பெண் போனால் மாணவர் வேறென்ன செய்வார்? வாராவாரம் தேதி போட்டு மேசையில் வைப்பதும், கழித்த காரணத்துக்கு மதிப்பெண்ணில் கணிசமான பங்கு ஒதுக்குவதும்தான் இதற்கு மருந்து. அதைச் செய்யாமல் 'செயல்முறை முக்கியம்' என்று பேசுவது பழைய பாரிஸ் முறையைப் புதுப் பெயரில் நடத்துவதுதான்.

இரண்டாவது, நிற்கத் தெரியாமை. சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்றால் எந்தக் கட்டடமும் முடியாது. எந்தத் தேதியில் எண்களை உறையவைப்பது என்பதையும் முதல் வாரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, 'உள்ளூர்ப் பொருள்' என்ற சொல்லின் மயக்கம். இந்தக் கரையில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுவர் கட்டினார்கள், சுண்ணாம்புக்கு எரித்தார்கள். இன்று பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2001 முதல் கை வைத்தால் குற்றம். பனை அப்படியில்லை, ஆனாலும் மரத்தை வெட்டுவது வேறு, ஓலை கழிப்பது வேறு. எடுக்கலாமா என்பதும் விதியில் ஓர் எண்ணாக இருக்க வேண்டும்.

நான்காவது, உப்பு. பத்து நாளில் தெரியாத ஒன்று பத்து மாதத்தில் தெரியும். கடல்காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருவேற்றும். துரு பெருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். அதனால்தான் இந்தியத் தர நிர்ணயம் 456, சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் கவர் போதும் என்கிற இடத்தில், கடலோரத்துக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் இருக்கும் கான்கிரீட் தடிமன்தான் கவர். மாணவரின் ஓலைக் கூரைக்கும் இதே பகை உண்டு, ஆனால் ஆணியில் தொடங்கும்.

இதற்கு ஒரு மலிவான பயிற்சி போதும். செமஸ்டரின் முதல் நாள் ஒரு பலகையில் ஆறு இணைப்புகளைச் செய்து, கரையோரம் காற்று படும் இடத்தில் மாட்டிவிடுவது: சாதாரண ஆணி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி, ஸ்டெயின்லெஸ் திருகு, தென்னங்கயிறு, நைலான் கயிறு, பனைநார்க் கட்டு. வாரம் ஒருமுறை போட்டோ, மாதம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது. சாதாரண ஆணி சில நாளிலேயே சிவந்துவிடும். ஜி.ஐ. கம்பியின் பூச்சு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நைலானை உப்பு ஒன்றும் செய்யாது, வெயில்தான் மெல்ல மெல்ல அரிக்கும். பனைநார் நனைந்தும் காய்ந்தும் தளரும், தளர்ந்தால் அவிழ்த்து வேறு கட்டிக்கொள்ளலாம். கூரையை ஆணி அடித்து நிறுத்துவதா, கட்டி நிறுத்துவதா என்ற கேள்விக்கு வகுப்பில் எவ்வளவு விவாதித்தாலும் கிடைக்காத விடை அந்தப் பலகையில் இருக்கும். ஜூரி நாளில் கடைசி ஷீட்டுக்குப் பக்கத்தில் அதையும் கழற்றிக்கொண்டுவந்து மாட்டச் சொல்லலாம், துருவோடும் தேதிச் சீட்டோடும்.